காட்டுக்குள் ஒரு வட்டக் கரை: கோட்டை என்கிறார்கள், நம்பலாமா?

காட்டுநடை

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், இது என் முதல் இழை.

இரண்டு வாரம் முன்பு தென் இங்கிலாந்தில் ஒரு காட்டில் நடந்துகொண்டிருந்தேன். எந்தக் காடு என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. பிரிட்டனின் அரசு வரைபடமான ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்தில் காட்டின் நடுவே பழைய கோதிக் எழுத்தில் 'ரிங்வொர்க்' என்று ஒரே ஒரு சொல். அந்த எழுத்தில் போட்டிருந்தால் தொல்லியல் இடம் என்பது வரை தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சரி, பார்த்துவிடலாம் என்று பாதையை விட்டு இறங்கினேன்.

கோட்டை என்றால் நாலு கல்லாவது கிடக்கும் என்று நினைத்திருந்தேன், ஒன்றுகூட இல்லை. முதலில் ஒரு பள்ளம், முழங்கால் அளவு சருகு. அதில் இறங்கி ஏறினால் ஏரிக்கரை மாதிரி ஒரு மண்கரை, என் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். மேலே ஏறி நின்ற பிறகுதான் அது வளைந்து வளைந்து போய் வட்டமாக முடிகிறது என்றே தெரிந்தது. கரைமேலேயே சுற்றி நடந்து எண்ணினேன், 180 எட்டு வந்தது. உள்ளே சமதரை, பெரிய பீச் (beech) மரங்கள், நடுவில் ஒன்றுமில்லை. மேற்குப் பக்கம் கரையில் ஒரு இடைவெளி இருந்தது, வாசலாக இருக்கும் என்று அது வழியாக வெளியே வந்தேன்.

கேட்க நினைப்பது மூன்று. இவ்வளவு சின்னக் கோட்டையை யார், எதற்குக் கட்டினார்கள்? நடுக்காட்டில் கட்டியது ஒளிந்துகொள்ளவா? கல்லே இல்லாத இதைக் கோட்டை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

மண்வெட்டி

முதல் இழையே நல்ல இழை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோட்டை என்றால் கல் என்று நாம் எல்லோரும் மனத்தில் வைத்திருக்கிறோம். 11, 12ஆம் நூற்றாண்டில் வடமேற்கு ஐரோப்பாவில் கட்டிய கோட்டைகளில் பெரும்பாலானவை மண்ணும் மரமும்தான். அகழி வெட்டு, வெட்டிய மண்ணை உள்பக்கம் கொட்டிக் கரையாக்கு, கரைமேல் மரவேலி நடு, உள்ளே மரத்தில் வீடு, கொட்டில், சமையல்கட்டு. ரிங்வொர்க் என்பது இந்த வட்டக் கரை வகை. இதன் உடன்பிறப்பு 'மோட்': மண்ணைக் கூம்பு மாதிரி குவித்து உச்சியில் மரக் கோபுரம் வைப்பது, பக்கத்தில் 'பெய்லி' என்ற வேலியிட்ட முற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மோட்தான் அதிகம், ரிங்வொர்க் அதைவிடக் குறைவு.

யார் கட்டினார்கள் என்றால், பெரும்பாலும் 1066க்குப் பிறகு பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன் பிரபுக்களும் அவர்களுக்குக் கீழ் நிலம் வாங்கியவர்களும். வந்த ஊரில் ஆதரவு இல்லாதவன் முதலில் செய்யும் வேலை தன்னைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டிக்கொள்வது. அப்புறம் 1135இலிருந்து 1154 வரை ஸ்டீபனுக்கும் மெட்டில்டாவுக்கும் அரசுரிமைச் சண்டை. கேட்க ஆளில்லாததால் கண்டவனெல்லாம் கோட்டை கட்டினான். நாடு முழுக்கக் கோட்டைகளால் நிரம்பியது என்று ஆங்கிலோ சாக்சன் வரலாற்றேடு 1137ஆம் ஆண்டுப் பதிவில் புலம்புகிறது. இரண்டாம் ஹென்றி வந்ததும் அனுமதியில்லாத பலவற்றை இடிக்கச் சொன்னான். மண்கோட்டையை இடிப்பது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வேலியைப் பிடுங்கி எரித்துவிட்டால் முடிந்தது. கரையை யார் மெனக்கெட்டு நிரவுவது? அதனால்தான் உங்கள் கால் அதன்மேல் பட்டது.

இரண்டாவது கேள்விக்கு ஒரே வரி: அப்போது அங்கே காடு இல்லை.

காட்டுநடை

இல்லையா? அந்த பீச் மரங்களை இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாதே.

மண்வெட்டி

அந்தப் பருமனில் ஒரு பீச் மரத்துக்கு 200, 250 வயது இருக்கலாம். கோட்டைக்கு 900. நடுவில் எத்தனை தலைமுறை மரம் போயிருக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

மரத்தை விடுங்கள், கோட்டைக்காரனாக யோசியுங்கள். கரைமேல் காவலுக்கு நிற்பவனுக்கு வேண்டியது பார்வை. அம்பெய்யும் தூரம் வரையாவது வெட்டவெளியாக இருக்க வேண்டும், எதிரி ஒளிந்து வர ஒரு புதர் இருக்கக் கூடாது. வேலிக்கும் கோபுரத்துக்கும் விறகுக்கும் மரம் வேறு வேண்டும், சுற்றிலும் இருந்த கொஞ்ச மரமும் முதல் மாதத்திலேயே போயிருக்கும். தூரத்தில் காடு இருந்திருக்கலாம், காலடியில் இல்லை. பழந்தமிழில் காவற்காட்டுக்கு 'மிளை' என்று ஒரு சொல்லே உண்டு, காட்டையே அரணாக வளர்ப்பது. அந்த நினைப்பில் இதைப் பார்த்தால் தடுமாறிவிடுவோம். இங்கே காடு பின்னால் வந்தது, கோட்டையைக் கைவிட்ட பிறகு, சில இடங்களில் பல நூறு ஆண்டு கழித்து.

கேள்விக்குறி

எல்லாம் சரி, ஆனால் 11ஆம் நூற்றாண்டு, 12ஆம் நூற்றாண்டு என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வது எதை வைத்து? வட்டமாக ஒரு கரை, வெளியே ஒரு பள்ளம். இதை ரோமானியர் வருவதற்கு முந்தைய இரும்புக்காலத்திலும் வெட்டியிருக்கலாம், போன நூற்றாண்டில் பன்றி அடைக்கவும் வெட்டியிருக்கலாம். வரைபடத்தில் போட்டிருக்கிறது என்றால் வேதவாக்கா?

வில்ட்ஷயரில் மார்ல்பரோ ஊரில் இருக்கும் மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 19 மீட்டர் உயரம், அங்கே நார்மன் கோட்டை இருந்தது பதிவிலேயே உண்டு, அதனால் மேடும் நார்மன் மோட் என்றே வெகுகாலம் பலரும் நம்பினார்கள். 2011இல் துளையிட்டு எடுத்த கரித்துண்டுகளைக் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தினால் கி.மு. 2400 வாக்கில் வருகிறது. நார்மன்கள் இருந்த மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டவர்கள், அவ்வளவுதான். யார்க்ஷயரில் ஸ்கிப்சீ மேடும் அப்படியே, 2016இல் அது இரும்புக்காலத்தது என்று தெரிந்தது. இவ்வளவு பெரிய மேடுகளிலேயே இப்படி என்றால், பெயரில்லாத காட்டில் 180 எட்டு வட்டத்துக்கு என்ன உத்தரவாதம்?

மண்வெட்டி

உத்தரவாதம் ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தோண்டாத இடங்களில் வடிவத்தை வைத்துத்தான் வகைப்படுத்துகிறார்கள். ஆனால் வடிவம் சும்மா இல்லை, அதைப் படிக்கலாம்.

முதலில் பள்ளம் கரைக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். தற்காப்புக்கு வெட்டினால் பள்ளம் வெளியே, கரை உள்ளே, ஏறி வருபவன் பள்ளத்தின் அடியிலிருந்து ஏற வேண்டும். பள்ளம் உள்ளேயும் கரை வெளியேயும் இருந்தால் அது ஆளைத் தடுக்க வெட்டியதல்ல. பிரபுக்களின் மான் பூங்காக்களில் அப்படித்தான் வெட்டினார்கள், உள்ளிருக்கும் மான் தாவி வெளியே போகாமலிருக்க. புதிய கற்காலத்தில் வெட்டிய 'ஹென்ஜ்' என்ற வட்டக் கரைகளிலும் பெரும்பாலும் பள்ளம் உள்ளேதான், அவை சடங்கு இடங்கள். காட்டின் எல்லைக்கரை என்று இன்னொன்று உண்டு, அதில் பள்ளம் காட்டுக்கு வெளிப்புறம் இருக்கும், பக்கத்து வயல் மாடு வந்து தளிரைக் கடிக்காமலிருக்க. ஆனால் அது கோடாக ஓடும், இப்படி இறுக்கமான வட்டமாக வராது.

அப்புறம் அளவு. கரை தடியாக இருந்து உள்ளே இடம் கொஞ்சமாக இருந்தால் ஒரு குடும்பமும் அதன் ஆட்களும் இருக்க வெட்டியது. மலைமுகட்டைச் சுற்றி ஏக்கர் கணக்கில் ஓடினால் இரும்புக்காலக் குன்றரண் என்று சந்தேகிக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் அழகுக்காக மரக்கூட்டம் நட்டு அதைச் சுற்றி வட்டக் கரை போட்டதும் உண்டு, ஆனால் அது இடுப்பளவுகூட வராது, மாடு வராமல் தடுத்தால் போதுமே. காட்டுநடை சொல்வது ஆளுயரத்துக்கு மேல், 900 வருஷ மழைக்குப் பிறகு.

வரைபடப்பைத்தியம்

யாரும் இன்னும் லைடார் பக்கம் போகவில்லையே, ஆச்சரியம்தான்.

காட்டுநடை, அடுத்த முறை ஷூவை மாட்டும் முன் கணினியைத் திறங்கள். விமானத்திலிருந்து நொடிக்கு லட்சக்கணக்கில் லேசர் துடிப்புகளை அனுப்புவார்கள். பெரும்பாலானவை இலையிலும் கிளையிலும் பட்டுத் திரும்பிவிடும், சில மட்டும் இலை இடுக்கு வழியாக இறங்கித் தரையைத் தொட்டுத் திரும்பும். அந்தக் கடைசித் திரும்பல்களை மட்டும் பிரித்தெடுத்தால் மரமெல்லாம் மறைந்து மொட்டைத் தரை கிடைக்கிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமையின் லைடார் தரவு 2015இலிருந்து இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. நிழலிட்ட படத்தை ஒரே திசை வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். வழக்கமாக வடமேற்கிலிருந்து வெளிச்சம் விழுவதாக வரைவார்கள், அதே திசையில் ஓடும் கரை நிழலே விழாமல் காணாமல் போய்விடும். நான் ஒரு முறை அரைவட்டம் கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளிக்குதித்தேன், வெளிச்சத்தைத் திருப்பினால் முழுவட்டம் சிரிக்கிறது. பல திசை நிழலையும் வானம் எவ்வளவு தெரிகிறது என்று கணக்கிடும் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, நெருக்கமாக நட்ட ஊசியிலைத் தோட்டத்திலும் ரோடோடென்ட்ரான் புதரிலும் லேசர் தரைக்கே போகாது. அங்கே படம் மொழுக்கென்று இருந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை.

கேள்விக்குறி

லைடாரில் பார்த்தால் வயது தெரியுமா?

வரைபடப்பைத்தியம்

தெரியாது. ஆனால் எது எதை வெட்டுகிறது என்று தெரியும், அதுவே பாதி வேலை. இடைக்கால உழவில் ஏர் ஒரே பக்கம் புரட்டிப் புரட்டி நிலம் அலையலையாக மேடும் தாழ்வுமாக ஆகிவிடும். அந்த அலை இன்று காட்டுக்குள்ளும் தெரிகிறது என்றால் அங்கே ஒரு காலத்தில் வயல் இருந்தது, மரம் பின்னால் வந்தது. அலை கரைக்கு அடியில் புகுந்து போனால் வயல் முதல், கரை பின்பு. அகழி விளிம்பில் வந்து நின்றால், உழுதவன் கண்ணெதிரே கரை இருந்திருக்கிறது, மாட்டைத் திருப்பியிருக்கிறான்.

காட்டுநடை

இது அருமை. இன்று இரவே இறக்கிப் பார்க்கிறேன்.

பழையேடு

ஆழத்தைப் பற்றி ஒரு சுவையான செய்தி. 1091இல் நார்மண்டியில், 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வெற்றிவீரன் வில்லியம் காலத்தில் பிரபுவுக்கு என்னென்ன உரிமை இருந்தது என்று விசாரித்து எழுதி வைத்தார்கள். அதில் ஒரு விதி: அடியில் நிற்பவன் படி வைக்காமல் மேலே மண்ணை வீச முடிகிற ஆழம் வரைதான் எவனும் சமவெளியில் பள்ளம் வெட்டலாம். அதற்கு மேல் போனால் கோட்டை, பிரபுவின் அனுமதி வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மனியில் எழுதப்பட்ட சாக்சன் சட்டத்தொகுப்பிலும் ஏறக்குறைய இதே அளவுகோல், ஒருவன் மண்வெட்டியால் மேடை போடாமல் மண்ணை மேலே தள்ளும் ஆழம்.

அடி, முழம் என்று ஒன்றும் சொல்லவில்லை, ஒரு ஆளின் தோள்தான் அளவுகோல். நெட்டையான வேலையாள் கிடைத்தவனுக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்வெட்டி

நார்மன் விதியில் வேலிக்கும் கட்டுப்பாடு உண்டு. ஒரே வரிசை வேலிதான், அதிலும் மேலே நடந்து சண்டையிட மேடையோ கொத்தளமோ கூடாது. எது வீட்டுவேலி, எது கோட்டை என்பதில் ஆட்சியாளருக்கு அவ்வளவு கவலை.

கணக்கன்

சும்மா ஒரு கணக்கு. 180 எட்டு, எட்டுக்கு முக்கால் மீட்டர் என்றால் சுற்றளவு 135 மீட்டர். கரையின் அடி 9 மீட்டர், முதலில் 3 மீட்டர் உயரம் இருந்ததாக வைத்துக்கொள்வோம், குறுக்குவெட்டு முக்கோணம் என்றால் 13.5 சதுர மீட்டர். மொத்த மண் சுமார் 1,820 கன மீட்டர். வெட்டி, தூக்கி, கொட்டி ஒரு ஆள் நாளைக்கு 2 கன மீட்டர் என்றால் 910 ஆள்நாள். 60 பேரை இழுத்து வந்தால் பதினைந்து நாளில் கரை நிற்கும்.

அடி 9 மீட்டர், 3 மீட்டர் உயரம், 2 கன மீட்டர் எல்லாம் என் ஊகம், மண்ணைப் பொறுத்து மாறும், சண்டைக்கு வராதீர்கள். சொல்ல வந்தது, ஒரு சின்னப் பிரபுவின் கைக்கு எட்டுகிற வேலைதான் இது. கல்கோட்டை என்றால் கொத்தன், சுண்ணாம்பு, சாரம் என்று வருஷக்கணக்கில் போகும்.

பழையேடு

அந்த 60 பேர் விரும்பி வந்தவர்களா என்பது வேறு கதை. 1066 படையெடுப்பைத் தையல் படமாகச் சொல்லும் பேயோ சித்திரத் துணியில் ஹேஸ்டிங்ஸில் மேடு கட்டுகிற காட்சி இருக்கிறது, மேட்டைப் பட்டை பட்டையாக வேறு வேறு நிறத்தில் தைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே இரண்டு வேலையாட்கள் மண்வெட்டியால் ஒருவர் தலையில் ஒருவர் போட்டுக்கொள்கிறார்கள். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

கேள்விக்குறி

சிரித்துவிட்டேன். சரி, என் அடுத்த சந்தேகம். மண்ணும் மரமும் என்றால் தற்காலிக வேலைதானே? பத்து இருபது வருஷத்தில் மரம் உளுத்துப்போகும், அப்புறம் கல்லில் கட்டிக்கொள்வார்கள் என்றுதானே படித்தோம்?

மண்வெட்டி

நானும் அப்படித்தான் படித்தேன். அதை மாற்றிய இடம் வேல்ஸ் எல்லையில் மான்ட்கோமரி அருகே ஹென் டோமென். வெல்ஷில் 'பழைய மேடு' என்று பொருள். மான்ட்கோமரி ரோஜர் 1070களில் கட்டியது. அங்கே பிலிப் பார்க்கரும் ராபர்ட் ஹைகமும் 1960இலிருந்து 1992 வரை தோண்டினார்கள். ஆமாம், 32 வருஷம், அதுவும் பெய்லியில் ஒரு பகுதியை மட்டும். அங்குலம் அங்குலமாகத் தரையைச் சுரண்டி, மண்ணின் நிறம் மாறும் இடமெல்லாம் குறித்தார்கள். கல்லில் கட்டாமலேயே அந்தக் கோட்டை இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. வேலி உளுத்தால் புது வேலி, வீடு சாய்ந்தால் அதே இடத்தில் வேறு வீடு. 1223இல் மூன்றாம் ஹென்றி பக்கத்துப் பாறைமேல் புதுக் கல்கோட்டை தொடங்கிய பிறகும் பழைய மேட்டை உடனே விட்டுவிடவில்லை.

இத்தனைக்கும் கிடைத்த பொருள்கள் மிகக் குறைவு. பிரபு வாழ்ந்த இடம் என்று சொன்னால் நம்ப முடியாத அளவு வெறுமை. பணக்காரன் வீடு மாறும்போது சாமானை எடுத்துக்கொண்டுதான் போவான் போலிருக்கிறது.

காட்டுநடை

மரம் உளுத்துப்போனால் அங்கே வேலி இருந்தது என்று எப்படித் தெரியும்?

மண்வெட்டி

மரம் போகும், குழி போகாது. கம்பம் நட வெட்டிய குழியில் பின்னால் விழுந்து நிரம்பும் மண்ணின் நிறமும் இறுக்கமும் சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து வேறாக இருக்கும். 1949இல் சர்ரேயில் ஆபிங்கர் மேட்டின் உச்சியை பிரயன் ஹோப் டெய்லர் தோண்டியபோது, நடுவில் கோபுரக் கால்களின் குழிகளும் விளிம்பைச் சுற்றி வேலிக் குழிகளும் வரிசையாக வந்தன. மரத்துண்டே இல்லாமல் கோபுரத்தின் தரைப்படம் கிடைத்துவிட்டது.

மரம்பேசி

வனத்துறைப் பக்கம் வேலை பார்ப்பவன், மரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறேன்.

இழையில் எல்லோரும் காடு பாதுகாத்தது என்கிற மாதிரியே போகிறீர்கள். உண்மைதான், கலப்பையிடமிருந்து பாதுகாத்தது. டென்மார்க்கில் கோகே அருகே 2014இல் கண்டுபிடித்த போர்கரிங்கைப் பாருங்கள். சுமார் 145 மீட்டர் விட்டமுள்ள வைக்கிங் கால வட்டக்கோட்டை, இந்தக் காட்டு வட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் அகலம். வயலுக்குள் கிடந்ததால் உழுது உழுது, நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது. லைடாரில் லேசான வளைவு, அப்புறம் மண்ணின் காந்த வேறுபாட்டை அளக்கும் காந்தமானி, அதற்குப் பிறகுதான் நம்பினார்கள். காட்டில் கிடந்த சின்ன வட்டம் ஆளுயரத்துக்கு நிற்கிறது.

ஆனால் மரம் சும்மா இருக்கிற விருந்தாளி இல்லை. பீச்சுக்கு வேர் ஆழமாகப் போகாது, அகலமாகப் போகும். கரை உச்சியில் நிற்கும் பீச் பெருங்காற்றில் சாய்ந்தால் வேர்ப்பாளத்தோடு ஒரு வண்டி மண்ணும் எழுந்து நிற்கும், அந்த மண்ணில்தான் கம்பக்குழியும் கரியும் எல்லாம். 1987 அக்டோபர் புயலில் தென் இங்கிலாந்தில் சுமார் ஒன்றரைக் கோடி மரம் ஒரே இரவில் போனது. எத்தனை கரைகள் பிய்ந்தனவோ. பிறகு பிராக்கன் பெரணி, அதன் கிழங்குவேர் மண்ணடுக்கைக் கலக்கிவிடும். வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கு இன்னும் மோசம், அதற்குக் கரைமண் என்றால் கொள்ளை ஆசை, இளக்கமாக, வடிகால் நன்றாக இருக்கும். அதன் வளையைத் தொடக்கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம், கரையைத் தொடக்கூடாது என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம். நடுவில் நிற்பவன் நான்.

கேள்விக்குறி

அப்படியென்றால் கரைமேல் இருக்கும் மரத்தை எல்லாம் வெட்டிவிட வேண்டியதுதானே? லித்துவேனியாவில் குன்றரண்களைச் சுத்தம் செய்து புல் மட்டும் வைத்திருப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன், பார்க்கவே கம்பீரம்.

மரம்பேசி

அங்கே சரி, ஆயிரத்துக்குக் கிட்டத்தட்டக் குன்றரண்கள், நாட்டின் அடையாளமே அவைதான். மரம் வெட்டினால் மட்டும் போதாது, அடுத்து முட்புதர் வரும், வருஷா வருஷம் அறுக்க வேண்டும் அல்லது ஆடு விட வேண்டும். செய்ய ஆளில்லாத இடத்தில் மொட்டையடித்துவிட்டால் ஐந்து வருஷத்தில் உள்ளேயே போக முடியாது, ஆட்கள் ஏறி இறங்கும் தடத்தில் மழை ஓடிக் கரை அரித்துக்கொண்டு போகும்.

நான் சொல்வது நடுவழி. சாயக்கூடிய பெரிய மரத்தை மட்டும் கரையிலிருந்து எடு, அடிக்கட்டையைப் பிடுங்காதே, அப்படியே உளுக்கட்டும். வெட்டிய மரத்தைக் கரைக்குக் குறுக்கே இழுக்காதே. இந்தக் கடைசி வரியை எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார்கள். ஒரு ஒப்பந்தக்காரர், பெயர் வேண்டாம், நான் நாடா கட்டி அடையாளம் வைத்த அகழிக்குள்ளேயே இயந்திரத்தை இறக்கினார். கேட்டால், பள்ளம் வழியாகப் போனால் சுலபமாக இருந்தது என்றார். ஈர மண்ணில் முழங்கால் ஆழத்துக்குச் சக்கரத்தடம். 900 வருஷத்தில் மழை செய்யாததை ஒரு மதியத்தில் செய்து முடித்துவிட்டார்.

மண்வெட்டி

மழை பற்றிச் சொன்னதால் இது. மழை எவ்வளவு கரைக்கிறது என்று பார்க்கவே ஒரு சோதனை நடக்கிறது. 1960இல் வில்ட்ஷயரில் ஓவர்ட்டன் டவுனில் சுண்ணக்கல் மண்ணிலும், 1963இல் டார்செட்டில் வேர்ஹாம் மணற்பகுதியிலும் புதிதாக ஒரு கரையும் பள்ளமும் வெட்டினார்கள். கரைக்குள் துணி, தோல், மரம் எல்லாம் புதைத்து வைத்தார்கள். 2, 4, 8, 16, 32, 64, 128 ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வெட்டிப் பார்ப்பது திட்டம். தொடங்கியவர்கள் யாரும் முடிவைப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே தொடங்கியது.

ஓவர்ட்டன் டவுனில் தெரியவந்தது, பள்ளத்தின் ஓரம் உதிர்ந்து தூர்வது பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில்தான், புல் பிடித்ததும் வேகம் அடங்கிவிடுகிறது. அதனால் காட்டுநடை, நீங்கள் இறங்கிய அகழியின் உண்மையான அடி உங்கள் காலுக்கு இன்னும் ஒன்றரை மீட்டர் கீழே இருந்தாலும் ஆச்சரியமில்லை. அது ஈரமாகவே இருந்திருந்தால் வேலி மரத்துண்டுகள்கூட உளுக்காமல் கிடக்கலாம்.

புதியவன்

சூப்பர் இழை. ஒரு சின்னக் கேள்வி, இந்த மாதிரி இடத்துக்கு மெட்டல் டிடெக்டர் கொண்டு போகலாமா? காசு கிடைக்குமா?

நிர்வாகி

பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக இருந்தால் இங்கிலாந்தில் எழுத்துமூல அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம், 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. காசு கிடைக்க வேண்டும் என்றுகூட இல்லை. இழை தொடங்கியவர் காட்டின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தயவுசெய்து யாரும் ஊகித்து எழுத வேண்டாம்.

காட்டுநடை

ஆமாம் நிர்வாகி, அதேதான். நன்றி.

லைடார் இறக்கிப் பார்த்தேன். வரைபடப்பைத்தியம், உங்களுக்கு ஒரு கும்பிடு. வட்டம் பளிச்சென்று தெரிகிறது, வடக்கே நீங்கள் சொன்ன உழவு அலைகள், பத்துப் பன்னிரண்டு வரி, சீப்பால் வாரிய மாதிரி. எல்லாம் அகழிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

மண்வெட்டி

வாசலைப் பாருங்கள். கரையில் இடைவெளி இருந்தால் மட்டும் வாசல் ஆகாது. அதற்கு நேராக அகழி வெட்டப்படாமல் விட்ட தரைப்பாலம் இருக்கிறதா, இல்லை மரப்பாலம் போட்ட அடையாளமாக இரு கரையும் நேருக்கு நேர் வெட்டி நிற்கிறதா என்று பாருங்கள். கரையைப் பின்னால் உடைத்திருந்தால், உடைத்த மண்ணை எங்கே தள்ளியிருப்பார்கள்? அகழிக்குள்தான். அங்கே அகழி மட்டும் தூர்ந்து கரைமண் நிறத்தில் இருக்கும்.

மரம்பேசி

சாய்ந்த மரம் இருந்தால் வேர்ப்பாளத்தைப் பாருங்கள். கையால் நோண்ட வேண்டாம், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் மட்டும் எடுங்கள்.

காட்டுநடை

போய்விட்டு வந்தேன். பத்து மணிக்கு உள்ளே போனவன் மூன்று மணிக்குத்தான் வெளியே வந்தேன், கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது.

கரையின் வடகிழக்கில் ஒரு பீச் சாய்ந்து கிடக்கிறது, போன குளிர்காலத்தில் விழுந்திருக்கும், வேர்ப்பாளம் என்னைவிட உயரம். அதன் பக்கவாட்டில் மேலே வெளிர்மஞ்சள் களிமண், அதற்குக் கீழே கை அகலத்துக்குக் கருத்த மண், அதில் மிளகு தூவிய மாதிரி கரிப்பொட்டு. கரை கட்டும் முன் இருந்த பழைய தரையாக இருக்குமோ? தொடவில்லை, பேனா வைத்து நாலு படம் எடுத்தேன், அன்று மாலையே அந்த மாவட்டத்தின் தொல்லியல் அலுவலருக்கு அனுப்பினேன்.

மண்வெட்டி

படத்தைப் பார்த்த அளவில் புதைந்த பழைய தரை மாதிரிதான் இருக்கிறது. அப்படி இருந்தால் அது தங்கம். அந்தக் கருமண்ணில் இருக்கும் மகரந்தத்தைப் பார்த்தால் கரை கட்டிய நாளில் சுற்றிலும் புல்லா, பயிரா, மரமா என்று சொல்லிவிடலாம். கரியிலிருந்து வயதும் எடுக்கலாம், ஆனால் கரி ஒரு கிழட்டு ஓக்கின் நடுத்தண்டாக இருந்தால் வயது நூறு வருஷம் முன்னால் போய்விடும், சின்னக் கிளையாகப் பார்த்து எடுக்க வேண்டும். கேள்விக்குறிக்கு அதுதான் பதில் சொல்லும், நான் இல்லை.

கேள்விக்குறி

காத்திருக்கிறேன். வரும்வரை என் சந்தேகம் அப்படியே இருக்கும்.

காட்டுநடை

அலுவலரிடமிருந்து பதில் வந்துவிட்டது, இரண்டே வரி. படங்களுக்கு நன்றி, வந்து பார்க்கிறோம், அதுவரை வேர்ப்பாளத்தைத் திருப்பிச் சாய்க்க வேண்டாம் என்று நில உரிமையாளரிடம் சொல்கிறோம்.

வாசல் கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் நாள் நான் கம்பீரமாக வெளியே வந்தேனே, மேற்கு இடைவெளி, அது வாசலே இல்லை. மண்வெட்டி சொன்ன மாதிரியே அகழி அங்கே மட்டும் தூர்ந்து கிடக்கிறது, அதன்மேல் பழைய வண்டித்தடம் ஒன்று நேராக உள்ளே போகிறது. மரம் ஏற்ற யாரோ உடைத்திருக்கிறார்கள். உண்மையான வாசல் தென்கிழக்கில். அகழிக்கு நடுவே இரண்டு ஆள் அகலத்துக்கு வெட்டாமல் விட்ட தரை, இரு பக்கமும் கரை முனை கொஞ்சம் தடித்து நிற்கிறது. ஹோலிப் புதர் மூடியிருந்ததால் முதல் முறை சுற்றி நடந்தபோதே அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். இந்த முறை அதன் வழியாகவே உள்ளே போனேன், கையெல்லாம் கீறல்.